நடுநிசியில் நெஞ்சு படபடத்தால்…

"மைனி, நான் செத்துப் போயிருவேனோ?"

போனில் என் நாத்தனார் இப்படிக் கேட்டபோது இரவு மணி ஒன்றே முக்கால். மூச்சு இரைக்க இரைக்கப் பேசினாள். நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி இருக்கிறதாம். கைவிரல்கள் மரத்துவிட்டனவாம். தொண்டையை இறுக்கிப் பிடிக்கிறதாம். வியர்வையில் ஜாக்கெட் தெப்பமாய் நனைந்து விட்டதாம். அவள் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் ராத்திரி ஷிப்டு. பக்கத்தில் இரண்டு பிள்ளைகளும் அயர்ந்து தூங்குகிறார்கள்.

தூக்கக் கலக்கத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதையாவது நினைச்சுக்கிட்டுப் படுத்திருப்பே. திருநீறு பூசிக்கிட்டுத் தைரியமாத் தூங்கு. ஒண்ணுமில்லை." சொல்லிவிட்டு நான் நன்றாகத் தூங்கினேன். அவள் விடியும் வரை பட்டாசலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த "ஒண்ணுமில்லை"தான் காரணம்.

அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் ஸ்ரீவைகுண்டம். நவதிருப்பதிகளில் முதல் திருப்பதி. கள்ளபிரான் கோயில் கொண்டிருக்கிற ஊர். தாமிரபரணியின் குறுக்கே அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், நெல், வாழை என்று தண்ணீரோடு பிறந்து தண்ணீரோடு வளர்ந்த ஜனங்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை. ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்தது அவர்கள் பழகிய தண்ணீர் அல்ல. பக்கத்திலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில், தண்டவாளத்தின் அடியில் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போனதால், சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். 19-ம் தேதிதான் எல்லோரையும் வெளியே கொண்டுவர முடிந்தது. அதுவரை பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் கஷ்டத்தைப் பார்க்காமல் அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

அந்த இரண்டு ராத்திரியும் என் நாத்தனார், பிள்ளைகளோடும் நடக்க மாட்டாத மாமியாரோடும் எதிர்வீட்டு மாடியில் இருந்தாள். கரண்ட் கிடையாது. இருட்டில் தெருவில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் விடிய விடியக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஆனாலும் அவள் அழவில்லை, பதறவில்லை. தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கொட்டினாள். பிள்ளைகளின் பாடப் புஸ்தகங்களைத் தாள் தாளாகப் பிரித்து வெயிலில் உலர்த்தினாள். பொங்கலுக்குப் பானையும் வைத்தாள். "அவளை மாதிரி நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்!" என்று உறவில் எல்லோரும் மெச்சிக்கொண்டோம்.

படபடப்பு வந்தது அதற்கப்புறம் நாலு மாசம் கழித்து. சித்திரை மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கெட்ட கனவு ஒன்றும் காணவில்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். பிடித்து உலுக்கி எழுப்பின மாதிரி விழிப்பு. கூடவே, "இதோ உயிர் போகப் போகிறது" என்கிற எண்ணம்.

அவள் பார்த்த வைத்தியம்

முதல் தடவை, விடிந்ததும் ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இ.ஸி.ஜி. எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படிப் போனது சரிதான். முதல் தடவை யாராக இருந்தாலும் போய்த்தான் ஆகவேண்டும். இரண்டாவது தடவையும் இ.ஸி.ஜி. நன்றாக இருந்தது. மூன்றாவது தடவை அங்கே இருந்தவர் சிரித்துவிட்டார். "ஒண்ணுமில்லைம்மா, வாயுக்கோளாறு" என்று ஒரு மாத்திரை.

அப்புறம் சுக்கு, ஓமத்திரவம், சோடா. ஒரு மருந்துக் கடையில், "தூக்கம் வரணும்" என்று கேட்டதும் சீட்டு எதுவும் பார்க்காமல் சின்ன வெள்ளை மாத்திரை பத்துக் கொடுத்தார்கள். அது தீர்ந்த அன்று படபடப்பு இரட்டிப்பாக வந்தது. எதிர்வீட்டு ஆச்சி, "ஏட்டி, வெள்ளத்துல எத்தனை உசுரு போயிருக்கு, எதையாவது கண்டு பயந்திருப்பே" என்று சொல்லி வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் பழைய கதை. மந்திரிப்பதைப் பற்றி நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை. மனசுக்கு ஆறுதல் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போவதற்குப் பதிலாக அதைச் செய்வதுதான் தப்பு.

இதற்கிடையில் அவளே தனக்குக் காவல் போட ஆரம்பித்தாள். ராத்திரி முழுவதும் விளக்கு எரியவேண்டும். வலப்பக்கம் ஒரு பிள்ளை, இடப்பக்கம் ஒரு பிள்ளை. தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பு, மாத்திரை, போன். தூங்கினால்தானே வருகிறது என்று, தூங்காமல் இருக்கப் பதினோரு மணிக்குக் கருப்பட்டிக் காபி வேறு! நடுவில் நாடியைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொள்வாள். ஒன்றரை மணி நெருங்கினால் கண் கடிகாரத்தை விட்டு நகராது. பகலில் சமையலறையில் நின்றபடியே தூங்கி விழுவாள். ஆறு கிலோ இளைத்துவிட்டாள்.

ஆடி மாதம் நான் போனபோது அவளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். மறுநாளே பாளையங்கோட்டைக்கு பஸ் ஏற்றி, ஒரு மனநல டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். "என்னைப் பைத்தியம்னு முடிவு கட்டிட்டியளா மைனி?" என்று பஸ்ஸில் அழுதாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

இது என்ன வியாதி?

"மணி அடிக்கிறது, ஆனால் வீட்டில் தீ இல்லை" என்றார் டாக்டரம்மா. "மணி கெட்டுப் போகவில்லை. ரொம்பத் துல்லியமாகிவிட்டது, அவ்வளவுதான். அடுப்பில் மிளகாய் வதக்கினாலே அடிக்கிறது."

இதற்குப் 'பேனிக் அட்டாக்' என்று பெயர். திடீர்ப் பீதி என்று சொல்லலாம். ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ தயாராக உடம்பு அட்ரினலின் என்கிற சுரப்பைக் கொட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, வியர்க்கிறது. மாடு முட்ட வரும்போது இதெல்லாம் நடந்தால் நாம் கவனிக்கவே மாட்டோம், ஓடிவிடுவோம். படுக்கையில், மாடே இல்லாமல் நடந்தால்? "என்னமோ ஆகிவிட்டது, மாரடைப்பு" என்று நினைக்கிறோம். அந்த நினைப்பே இன்னொரு ஆபத்தாகி, இன்னும் கொஞ்சம் அட்ரினலின். சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது. உடம்பில் வரும் சாதாரண மாறுதலைப் பேராபத்து என்று தப்பாக அர்த்தம் செய்துகொள்வதில்தான் இந்த வியாதி உயிர் வாழ்கிறது என்று இங்கிலாந்தின் மனோதத்துவ அறிஞர் டேவிட் கிளார்க் 1986-ல் எழுதினார். இன்றைய சிகிச்சை முறைக்கு அதுவே அஸ்திவாரம்.

விரல் மரப்பதும் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும் ஏன் என்று கேட்டேன். வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருந்து கரியமிலவாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. அதனால்தான் மரமரப்பு, தலைசுற்றல், "மூச்சே கிடைக்கவில்லை" என்கிற உணர்ச்சி எல்லாம். உண்மையில் மூச்சு குறையவில்லை, ஜாஸ்தியாகிவிட்டது! இதைக் கேட்டதும் என் நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தூக்கத்தில் வருவது இன்னும் விசித்திரம். கனவு காணும் தூக்கத்தில் இது வருவதில்லை. லேசான தூக்கத்திலிருந்து ஆழ்ந்த தூக்கத்துக்கு இறங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் வருகிறது. அதனால்தான் தூங்கி ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் விழிப்பு. கெட்ட கனவு என்றால் விடியற்காலைப் பக்கம் வரும், கதை ஞாபகம் இருக்கும். சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் வீறிட்டு அலறிவிட்டுக் காலையில் ஒன்றும் தெரியாது என்கிறார்களே, அது வேறு. விழிப்பு வந்தும் கைகால் அசைக்க முடியாமல், மார்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருப்பதை 'அமுக்குவான் பேய்' என்போம், அதுவும் வேறு. ராத்திரிப் பீதியில் முழு விழிப்பு இருக்கும், கைகால் அசையும், காலையில் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

இந்தப் பீதி நோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்காவது ஒரு தடவையேனும் தூக்கத்திலும் வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே 'எனக்கு மட்டும்தான்' என்று ஒளித்து வைக்க வேண்டியதே இல்லை.

வெள்ளத்தினால்தான் வந்ததா? டாக்டரம்மா அப்படி அடித்துச் சொல்லவில்லை. பெரிய சோதனைக்குப் பின்னால் சில மாதங்கள் கழித்து, எல்லாம் அடங்கின பிறகு இது தலைகாட்டுவது உண்டு. ஒரு காரணமும் இல்லாமல் வருவதும் உண்டு. குடும்ப வழியாகவும் கொஞ்சம் வரலாம். "அந்த ரெண்டு ராத்திரியும் நீங்க காவல் இருந்தீங்க. தண்ணி வடிஞ்சுது, ஆனா காவல்காரனை யாரும் வீட்டுக்கு அனுப்பலை" என்றார். ஒரு விஷயம்: வெள்ளக் காட்சியே திரும்பத் திரும்பக் கண்முன் வருவது, அந்தக் கனவே வருவது, மழைச் சத்தம் கேட்டாலே நடுங்குவது என்றிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குச் சிகிச்சை சற்று வேறு.

ஒரு டாக்டரின் சொந்தக் கதை

ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்று ஒரு பெண்மணி. 1903-ல் பிறந்தவர். இளம் வயதில் அவருக்குக் காசநோய் என்று தப்பாகச் சொல்லி ஸானடோரியத்தில் போட்டுவிட்டார்கள். காசநோய் இல்லை என்று தெரிந்து வெளியே வந்தாரே தவிர, அந்தப் பயத்தில் பிடித்த படபடப்பு விடவில்லை. முதல் உலக யுத்தத்திலிருந்து திரும்பியிருந்த ஒரு நண்பரிடம் சொல்லி அழுதார். போர்முனையில் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு இப்படித்தான் அடித்தது, நீ பயத்தைப் பார்த்துப் பயப்படுகிறாய், அவ்வளவுதான் என்கிற மாதிரி அந்த நண்பர் சொன்னாராம். படபடப்போடு மல்லுக்கட்டுவதை அன்றோடு விட்டார் வீக்ஸ். பின்னால் டாக்டருக்குப் படித்து, 1962-ல் தன் முறையைப் புத்தகமாகவே எழுதினார். பல தேசங்களில் லட்சக்கணக்கானவர்கள் அதைப் படித்துத் தேறினார்கள்.

அவர் சொன்னது நாலே காரியம். ஓடாமல் எதிரே நில், வந்ததை ஒத்துக்கொள், அதன்மேல் மித, நேரம் போகட்டும். மிதப்பது என்பதை ஆற்றங்கரைப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணியில் இழுப்பு வந்தால் எதிர்நீச்சல் போடுகிறவன்தான் களைத்து மூழ்குவான். கையைக் காலை விரித்து மல்லாந்து மிதந்தால், தண்ணீரே கொண்டுபோய் எங்கேயாவது ஒதுக்கும்.

ராணுவத்துக்கும் இந்த வியாதிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது இதயத்தில் கோளாறே இல்லாமல் நெஞ்சுப் படபடப்போடு வந்த சிப்பாய்களைப் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டர் 1871-லேயே எழுதியிருக்கிறார். துப்பாக்கி பிடித்த ஆண்பிள்ளைகளுக்கே வந்தது என்றால், "பொம்பளைப் பிள்ளை, மனசு இளகினவ, அதான்" என்று மாமியார்மார்கள் சொல்வதற்கு என்ன அர்த்தம்!

அந்த நேரத்தில் என்ன செய்வது?

விழிப்பு வந்ததும் எழுந்து ஓடாதீர்கள். படுத்திருப்பது கஷ்டமாயிருந்தால் உட்காரலாம். பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதியட்டும். மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: "இது பீதி. இதற்கு முன்னாலும் வந்தது, போனது. பத்து நிமிஷத்தில் உச்சிக்குப் போகும், அப்புறம் தானே இறங்கும்." அநேகமாக அரைமணிக்குள் அடங்கிவிடும். எத்தனை அட்ரினலின்தான் உடம்பில் சுரக்க முடியும்?

மூச்சை ஆழமாக இழுக்காதீர்கள். "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று சுற்றியிருப்பவர்கள் கத்துவார்கள். அது தப்பு. ஏற்கெனவே ஜாஸ்தி. மூக்கால் சாதாரணமாக உள்ளே, பிறகு உதட்டைக் குவித்து, சூடான பாலை ஆற்றுகிற மாதிரி மெதுவாக வெளியே. உள்ளே போவதற்கு மூன்று எண்ணினால் வெளியே வருவதற்கு ஐந்தோ ஆறோ. காகிதப் பைக்குள் மூச்சு விடுவது என்று ஒரு பழைய யோசனை உண்டு. அதை டாக்டர்கள் இப்போது சொல்வதில்லை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அதனால் ஆபத்து.

மூச்சுப் பயிற்சியையும் ஒரு தாயத்து மாதிரி ஆக்கிவிடக்கூடாது என்று டாக்டரம்மா எச்சரித்தார். "இதைச் செய்தால்தான் பிழைப்பேன்" என்று செய்தால் அதுவும் காவல்தான். கொஞ்சம் நிதானப்பட ஒரு உதவி, அவ்வளவே. படபடப்பு இருக்கட்டும், நான் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்கிற அசட்டைதான் மருந்து. நாடி பார்க்காதீர்கள். கடிகாரத்தைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். தூக்கம் வராவிட்டால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து வந்து, மங்கின வெளிச்சத்தில் சும்மா ஒரு வேலை செய்யலாம். என் நாத்தனார் காராமணி பொறுக்குவாள். கண் சொக்கினதும் போய்ப் படுப்பாள்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஒண்ணுமில்லை" என்று சொல்லாதீர்கள். அவளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. "ஐயோ, என்ன ஆச்சு, ஆட்டோவைக் கூப்பிடு" என்று ஊரைக் கூட்டவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "வந்திருக்கா? சரி, போயிரும், நான் இருக்கேன்" என்றால் போதும். அதிகம் பேசக்கூட வேண்டாம். ராத்திரி ஷிப்டுக்காரரான என் நாத்தனார் புருஷனுக்கு டாக்டரம்மா போனில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். அவர் முதலில், "இதுக்கெல்லாமா மருந்து?" என்று கேட்ட மனுஷர்!

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்?

இதை அலட்சியமாகப் படிக்காதீர்கள். பீதி என்று பெயர் வைத்து நிஜமான நோயை விட்டுவிடக் கூடாது. மார்பை அழுத்துகிற வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, மயங்கி விழுவது, வேலை செய்தால், மாடிப்படி ஏறினால் வலி அதிகமாவது, கால் மணிக்கு மேலும் வலி விடாமல் இருப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே 108. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதை. பெண்களுக்கு மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல், மூச்சுத் திணறல், குமட்டல், தாங்க முடியாத அசதி என்றும் வரலாம். சந்தேகம் இருந்தால் போய்விடுவதுதான் சரி. வீணாகப் போய்த் திரும்பினோமே என்று வெட்கப்பட வேண்டாம்.

முதல் தடவைக்கப்புறம், நிதானமாக ஒரு நாள் சில பரிசோதனைகள் செய்துகொள்ள வேண்டும். தைராய்டு ஜாஸ்தியாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே வியர்வை. ரத்தசோகையிலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். நம் பெண்களுக்கு அது சொல்லவே வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினால் வியர்த்து விழிப்பு வரும். படுத்ததும் புளித்து மேலே வருவது, ஆஸ்துமா, பலத்த குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருவது, மாதவிடாய் நிற்கிற வயதின் உடம்புக் காந்தல், இவையும் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும். என் நாத்தனாருக்கு ரத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. தைராய்டு சரியாக இருந்தது.

கைக்குழந்தைக்காரிகளுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பிரசவத்துக்குப் பின் பீதி புதிதாக ஆரம்பிக்கலாம், பழையது கூடலாம். தூக்கம் கெடுவது ஒரு காரணம். பிரசவம் ஆன சில மாதங்களில் தைராய்டு தாறுமாறாவதும் உண்டு. "பால் கொடுக்கிறேனே, மாத்திரை சாப்பிட முடியாதே" என்று டாக்டரிடம் போகாமலே இருந்துவிடுகிறார்கள். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்துக் கொடுப்பார். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். வீட்டில் யாரிடமாவது உடனே சொல்லுங்கள்.

மருந்தும் பயிற்சியும்

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று, பேசிப் பழக்குகிற சிகிச்சை. டாக்டரோ மனநல ஆலோசகரோ வாரம் ஒரு முறை உட்கார்த்தி, உங்கள் பயத்தைப் பிரித்துக் காட்டுவார்கள். என் நாத்தனாரை ஒரு நாள் மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கச் சொன்னார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டது. "இப்போ சாவு பயம் வருதா?" "வரலையே." "அதே அடிப்புதான் ராத்திரியும்." இன்னொரு நாள் நாற்காலியில் உட்கார்த்திச் சுற்றிவிட்டார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் உடம்புக்கு இப்படித்தான் புத்தி புகட்ட வேண்டியிருக்கிறது. வீட்டில் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள், டாக்டர் சொல்லி ஆரம்பியுங்கள். அவள் போட்டிருந்த காவல்களையும் ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்கள். முதல் வாரம் தலைமாட்டு மாத்திரை போனது. அடுத்து விளக்கு. பிள்ளைகளைத் தனியாகப் படுக்க வைக்கத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. அழுதது பிள்ளைகள் இல்லை, இவள்தான்.

இரண்டாவது, மாத்திரை. செர்ட்ராலின் போன்ற மருந்துகளை டாக்டர் எழுதிக் கொடுக்கிறார்கள். இவை தூக்க மாத்திரை அல்ல, பழக்கமாகிவிடுகிற வகையும் அல்ல. பலன் தெரிய இரண்டு வாரம், ஒரு மாசம்கூட ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடுவது போலவும் இருக்கலாம். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். குணம் தெரிந்த பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டும். நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அல்ப்ரஸோலம், டயஸீபாம் வகை மாத்திரைகள் உடனே அடக்கும். அதனாலேயே ஆபத்து. கொஞ்ச நாளிலேயே உடம்பு அதைக் கேட்க ஆரம்பித்துவிடும். டாக்டர் சொன்ன சில நாளுக்கு மேல் கூடாது. கடைக்காரர் கையிலிருந்து வாங்கவே கூடாது. ஏற்கெனவே ரொம்ப நாள் சாப்பிட்டு வருகிறவர்கள் சட்டென்று நிறுத்திவிடாமல் டாக்டரிடம் போங்கள்.

காபி விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். குடித்த காபியில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் நிற்கிறது. கருப்பட்டி போட்டாலும் காபி காபிதான். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நாலு மணிக் காபியை விடச் சொன்னதற்கு அவள் மாமியார்தான் அதிகம் வருத்தப்பட்டார். ராத்திரிச் சாப்பாட்டைப் படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துக்கொள்வது, ஒரே நேரத்தில் எழுந்திருப்பது, சாயங்காலம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு நடை, இவ்வளவுதான் வீட்டுப் பத்தியம்.

எங்கே போவது என்று திகைக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும், தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு உண்டு. மற்ற ஜில்லாக்காரர்கள் அவரவர் அரசு ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். வெளியே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். 'டெலி மானஸ்' என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. ராத்திரி பகல் எந்நேரமும் உண்டு, காசு கிடையாது. பேர் சொல்லத் தயக்கமாயிருந்தால் பிரச்சினையை மட்டும் சொல்லி ஆரம்பியுங்கள்.

என் நாத்தனாருக்குப் புரட்டாசிக்குள் நன்றாகத் தேறிவிட்டது. வாரத்துக்கு நாலு என்று வந்தது மாதத்துக்கு ஒன்றாகி, அதுவும் நின்றது. சதை பிடித்துவிட்டாள். ஐப்பசி அடைமழை பிடித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் கவலையாயிருந்தது. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவளிடமிருந்து போன்.

"மைனி, நேத்து ராத்திரி மறுபடி வந்துச்சு. கூரைத் தகரத்துல சடசடன்னு மழை. எந்திரிச்சு உக்காந்தேன். நெஞ்சு அடிச்சது, அடிச்சுக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

"பிள்ளைகளை எழுப்பினியா?"

"இல்லை."

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"எதுக்கு? கொஞ்ச நேரம் காராமணி பொறுக்கினேன். பெறவு போய்ப் படுத்துட்டேன். பால்காரர் வந்து கதவைத் தட்டினப்பதான் முழிச்சேன் மைனி."